திருச்சுழியில் ரமணரைத் தேடினால்

ரமண மகரிஷியின் பெயரை நம் பதிப்பாளர்கள் எத்தனை விதமாக அச்சிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, ஆன்மிகப் புத்தகங்கள் அடுக்கிய ஒரு ரேக்கின் முன்னால் நின்றால் போதும். ரமணர், இரமணர், ரமண மகரிஷி, ரமண மகர்ஷி, ரமண மஹரிஷி, பகவான் ரமணர், ஸ்ரீ ரமண பகவான். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். அதை வெங்கடராமன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்த ஊருக்கும் இதே நிலைதான். நாம் திருச்சுழி என்கிறோம். சுந்தரர் பாடிய தலம் என்ற வகையில் அது திருச்சுழியல். ழகரம் தடுமாறும் கைகளில் திருச்சுளி.

புத்தகம் தேடி வருகிறவர் ரேக்கின் முன்னால் நிற்கும்வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒருவரைக் குறிக்கும் பெயர்கள்தான். நூலகரைக் கேட்டால், மேல் தட்டில் பாருங்கள் என்று கை காட்டிவிடுவார். நூலகத்தைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ரமணர் என்று தட்டினால் இரமணர் வரமாட்டார். மகரிஷி என்று தட்டினால் மகர்ஷி வரமாட்டார். புத்தகம் பத்தடி தூரத்தில் இருக்கும். இல்லை என்று திரை சொல்லும். அதை நம்பித் திரும்பிப் போகிற பள்ளி மாணவிக்கு, அந்தப் புத்தகம் உண்மையிலேயே இல்லாமல் போய்விடுகிறது.

நூலகத்துக்குக் கணினி வசதி என்ற பேச்சு எழுந்தாலே, எந்த மென்பொருள், என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறோம். அவை மூன்றாவதாகவும் நான்காவதாகவும் கேட்க வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. முதல் கேள்வி, அதற்குள் போடுகிற தமிழ் தமிழாகவே இருக்குமா என்பது. இரண்டாவது, உள்ளே போட்ட அத்தனையையும் ஒரு நாள் முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்பது. இந்த இரண்டுக்கும் நல்ல பதில் தராத மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று விரியும் இந்த மானாவாரிப் பூமியில் பல அளவுகளில் நூலகங்கள் இருக்கின்றன. நகரத்தில் கிளை நூலகம், சிற்றூர்களில் ஊர்ப்புற நூலகம், மாலையில் மட்டும் திறக்கும் பகுதிநேர நூலகம். எல்லாவற்றுக்கும் அடித்தளம் 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னால் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. வீட்டு வரி ரசீதில் நூலகத்துக்கென்று தனியாக ஒரு தொகை பிடிக்கிறார்களே, அது அந்தச் சட்டம் தந்தது. பிறகு 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், அன்றிருந்த 12,618 ஊராட்சிகளிலும் தலா ஒரு நூலகம் என்று திட்டமிட்டது. ஓர் அறை, சில அலமாரிகள், சில நூறு புத்தகங்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்த வருத்தம். திறந்திருக்கிற அறைகளுக்கும், மறுபடி திறக்கப்போகிற அறைகளுக்கும் என்ன கருவி பொருந்தும் என்று யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஓர் அறை நூலகத்துக்குப் பெரிய நூலக மென்பொருள் எதுவும் வேண்டாம். சர்வர் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். நூலகரின் மேஜையில் ஏற்கெனவே அக்சஷன் ரெஜிஸ்டர் இருக்கிறது. சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை என்று அதில் கோடு போட்ட பத்திகள் இருக்கின்றன. நூறாண்டுக்கும் மேலாகப் பழக்கப்பட்டு வந்த நல்ல தரவு அமைப்பு அது. அதை அப்படியே லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ எக்ஸெலிலோ யூனிகோடு எழுத்தில் ஏற்றி, இரண்டே இரண்டு பத்திகளைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். ஆசிரியரின் பெயர் அட்டையில் எப்படி இருந்தாலும், நாம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதும் பெயருக்கு ஒரு பத்தி. புத்தகம் எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. இந்த ஒரு கோப்பு ஒழுங்காக இருந்தால், நாளைக்கு எந்தப் பெரிய மென்பொருளுக்கும் ஒரே நாளில் மாறிவிடலாம். ஒழுங்கில்லாத தரவை எந்தப் பெரிய மென்பொருளில் கொட்டினாலும் அது ஒழுங்காகாது.

ஆனால் இந்த எளிய கருவிக்குள்ளும் பொறிகள் உண்டு. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் 13 இலக்க எண். எக்ஸெல் அதைக் கணக்குப் போடுகிற எண்ணாக நினைத்துச் சுருக்கி, நடுவில் ஒரு புள்ளியும் ஈ என்ற எழுத்தும் போட்டுக் காட்டும். அந்தக் கோலத்திலேயே சிஎஸ்வி என்ற வெற்று உரைக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். 00123 என்ற சேர்க்கை எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் அது விழுங்கிவிடும். தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்திகளை எண் அல்ல, எழுத்து என்று மாற்றிவைப்பதுதான் இதற்கு வழி. இன்னொரு பொறி, சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறப்பது. தமிழ் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். பதறிப்போய், தெரிந்ததை அப்படியே சேமித்துவிட்டால் மூலக் கோப்பும் கெட்டுவிடும். லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே எழுத்து முறை என்ன என்று ஒரு கேள்வி கேட்கிறது. யூடிஎஃப்-8 என்று சொன்னால் எல்லாம் சரியாக வரும். எக்ஸெலை விட நான் அதைப் பரிந்துரைப்பதற்கு விலையை விட இந்த ஒரு கேள்விதான் பெரிய காரணம்.

இனி அந்தத் தமிழ் கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அருப்புக்கோட்டை என்ற பெயரில் நமக்கு எட்டு எழுத்து: அ, ரு, ப், பு, க், கோ, ட், டை. யூனிகோடுக்கு அது 15 குறியீடுகள். ரு என்பது ரகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ப் என்பது பகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், ஆக 45 பைட். இதோடு முடிந்தால் நல்லது. கோ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் ஏற்கிறது. திரையில் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. முதல் முறையில் அருப்புக்கோட்டை 45 பைட், இரண்டாவது முறையில் 48 பைட். நேரடியாக ஒப்பிடும் மென்பொருளுக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள்.

இதற்கு மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. என்எஃப்சி என்ற சீர்முறை, பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். நல்ல மென்பொருள், தட்டச்சு செய்ததைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இதை நமக்குத் தெரியாமலே செய்துவிடும். வாங்கும் முன் சோதிப்பது சுலபம்: ஓகாரத்தை இரண்டு விதமாகவும் தட்டி ஒரே புத்தகத்தைத் தேட வேண்டும். இரண்டு முறையும் கிடைத்தால் சரி.

சீர்முறையால் தீராத நோயும் இருக்கிறது. ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதுவது நம் விசைப்பலகைப் பழக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டுகிறோம். கண் ஏமாறுகிறது, குறியீடு ஏமாறுவதில்லை. ஸ்ரீ இதைவிட மோசம். ஸகரத்தை அடியாக வைத்து எழுதும் முறை ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை அடியாக வைத்து எழுதும் முறை இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ரமணரைப் பற்றிய புத்தகங்களில் எத்தனை தலைப்புகள் ஸ்ரீ என்று தொடங்குகின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஒரே அட்டவணையில் பாதி ஒரு ஸ்ரீயிலும் மீதி இன்னொரு ஸ்ரீயிலும் கிடந்தால், தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகங்கள்தான் கிடைக்கும், மீதி இருப்பதே அவருக்குத் தெரியாது.

இந்த அழுக்கைக் களைய ஓபன்ரிஃபைன் என்றொரு கருவி இருக்கிறது. 2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் வந்தது, பிறகு கூகுளின் கைக்குப் போய், 2012 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் கட்டற்ற மென்பொருளாக இருக்கிறது. உலாவியில் திறந்தாலும் அது இயங்குவது நம் கணினிக்குள்தான். இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது. சிக்னல் வந்து வந்து போகிற ஊர்களில் இது சின்ன விஷயம் அல்ல. ஆசிரியர் பத்தியைக் கொடுத்தால், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற பெயர்களைக் கூட்டம் கூட்டமாகத் திரட்டிக் காட்டி, இவை ஒருவர்தானா என்று கேட்கும். ரமண மகரிஷி, ரமண மகர்ஷி, ரமண மஹரிஷி ஒரு கூட்டமாக வரும். ஆம் என்று சொன்னால் எல்லாவற்றையும் ஒரே பெயராக்கிவிடும். முடிவு எடுப்பது மனிதர், தேடி அலைவது கருவி. இந்த வேலைப் பங்கீடு சரியாக அமைந்த கருவிகளில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

வேங்கடராமனும் ரமணரும் ஒருவர்தான் என்பதை மட்டும் எந்தக் கருவியும் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காது. அதற்கு நூலகவியலில் பெயர் அதிகாரப் பதிவு என்ற முறை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பதிவு. அதில் ஏற்றுக்கொண்ட பெயர் ஒன்று, மாற்றுப் பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும். இந்தக் கரிசல் மண்ணின் எழுத்தாளரையே எடுத்துக்கொள்ளலாம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்து, 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர், 2021இல் மறைந்தார். கி. ராஜநாராயணன், கி.ராஜநாராயணன், கி. இராசநாராயணன், கி.ரா., கிரா. புள்ளிக்குப் பிறகு இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதுகூடக் கணினிக்கு வேறு ஆள். பதிவில் 'ராஜநாராயணன், கி.' என்று ஒரு முறை தீர்மானித்து, மற்ற வடிவங்களை அதற்குக் கீழே மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிட வேண்டும். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, ஆளுக்கு ஓர் எண் கொடுத்து எல்லா மொழிப் பெயர்களையும் அதன் கீழ் வைத்திருக்கிறது. அந்த எண்ணை நம் பதிவில் குறித்துவைத்தால், இங்கே ஒரு பகுதிநேர நூலகத்தின் பட்டியலும் உலகின் எந்த மூலையிலுள்ள நூலகத்தின் பட்டியலும் ஒரே ஆளைச் சுட்டும்.

வரிசைக்கும் இதே கவனம் வேண்டும். பக்கம், பகல் இரண்டையும் தமிழ் அகராதியில் தேடினால் பக்கம் முதலில் வரும். மெய் முந்தியது, உயிர்மெய் பிந்தியது. யூனிகோடு எண் வரிசையில் புள்ளியின் எண் மெய்களின் எண்களைவிடப் பெரியது. அதனால் எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் பகலை முன்னாலும் பக்கத்தைப் பின்னாலும் வைக்கும். ழகரத்துக்கு முன்னால் ளகரத்தை வைத்துப் பள்ளியைப் பழத்துக்கு முன் நிறுத்தும். கடைசியில் வரவேண்டிய னகரத்தை நகரத்துக்கு அடுத்தே வைத்திருப்பதால் கன்னி வந்த பிறகுதான் கப்பல் வரும். எண் வரிசை தமிழ் வரிசை அல்ல. யூனிகோடு அமைப்பே தமிழுக்கான அடுக்கு விதிகளைத் தனியாக வெளியிட்டிருக்கிறது. ஐசியு என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு அந்த விதிகள் தெரியும். மென்பொருள் விற்க வருகிறவரிடம் பத்துச் சொற்களைக் கொடுத்து அடுக்கிக் காட்டச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை, நிறையத் தெரிந்துவிடும்.

தேடலில் இன்னொரு நுட்பம், என் கண்ணுக்கு மிக அழகானது. சொல்லின் முன்பகுதியை மட்டும் கொடுத்து மீதியை விட்டுத் தேடும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. ரமணர் என்று கொடுத்தால் ரமணரின், ரமணரை, ரமணருக்கு எல்லாம் வரும் என்று நினைப்போம். வராது. ரமணர் என்ற சொல்லின் கடைசிக் குறியீடு புள்ளி. ரமணரின் என்பதில் அந்தப் புள்ளி நின்ற இடத்தில் இகரக் குறி நிற்கிறது. புள்ளியோடு கேட்டால் புள்ளி உள்ள சொல்தான் வரும். புள்ளியை எடுத்துவிட்டு, ரமணர என்று அகரத்தில் நிறுத்திக் கேட்டால் அத்தனையும் வந்து நிற்கும். உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே என்று நாம் பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் தேடுபெட்டிக்குள்ளும் வேலை செய்கிறது. வேற்றுமை உருபுகளைக் களைந்து வேரைக் கண்டுபிடிக்கும் நிரல் ஸ்னோபால் என்ற கட்டற்ற தொகுப்பில் தமிழுக்கும் இருக்கிறது. அது கைக்கு வரும்வரை, புள்ளியை எடுத்துவிட்டுத் தேடுங்கள் என்று நூலகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கிளை நூலகத்துக்கும், தேவாங்கர் கலைக் கல்லூரி போன்ற கல்லூரிகளின் நூலகங்களுக்கும் கணக்கு வேறு. பல்லாயிரம் புத்தகங்கள், நாள்தோறும் வழங்கலும் திரும்பப் பெறலும், பார்கோடு, தாமதக் கட்டணம். இங்கே விரிதாள் தாங்காது. மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் பல்கலைக்கழக நூலகங்களுக்காக உருவாக்கிய சோல். மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் தரும் இ-கிரந்தாலயா. நியூசிலாந்தில் பிறந்த கோஹா. மூன்றிலும் தமிழில் தரவு ஏற்றலாம். என்னைக் கேட்டால் கோஹா என்பேன். அதன் பிறப்பே காரணம்.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா, லெவின் என்ற சிறு நகரத்தைச் சுற்றிய விவசாய வட்டாரம். 1999இல் அங்குள்ள நூலக அறக்கட்டளை ஒரு நெருக்கடியில் இருந்தது. பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது. கிளைகளை இணைக்கத் தனிக் கம்பி வாடகை கட்டுப்படியாகவில்லை. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் ஓடக்கூடிய மென்பொருள் தேவைப்பட்டது. கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரி 3 அன்று அது வேலையைத் தொடங்கியது. இன்னொரு விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்ள விரும்பாமல், யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் உலகுக்கே திறந்துவிட்டார்கள். மெல்லிய இணைப்பு, சிறிய பட்ஜெட், சிதறிய கிளைகள்: நம் ஊர்ப்பக்க நூலகத்தின் தேவைகளிலிருந்தே முளைத்த மென்பொருள் அது. பெயர் அதிகாரப் பதிவு அதில் இருக்கிறது. ஓர் அமைப்பை இயக்கிவிட்டால் மாற்றுப் பெயர்களும் தேடலில் சேர்ந்துகொள்ளும். நிறுவும்போது ஐசியு முறையைத் தேர்ந்தெடுக்கத் தவறினால் மட்டும் தமிழ்த் தேடல் தடுமாறும். நிறுவுகிறவரிடம் இதை எழுதியே கொடுத்துவிட வேண்டும்.

இலவசம் என்பதை மட்டும் பார்த்து இறங்கக் கூடாது. கோஹாவுக்கு லினக்ஸ் சர்வர் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மதுரையிலிருந்து ஒருவர் வந்து நிறுவிவிட்டுப் போய்விட்டால், கரண்ட் போய் வந்த ஒரு மாலையில் அது எழும்பாமல் கிடக்கும்; நூலகர் மறுபடி ரெஜிஸ்டரை எடுத்துவிடுவார். பக்கத்துக் கல்லூரியின் கணினித் துறையில் இரண்டு பேரையாவது இதில் பழக்கிவைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். அந்த இரண்டு பேர் இல்லையென்றால் மையத்தில் சர்வரை வைத்து நடத்தும் இ-கிரந்தாலயா போன்ற ஏற்பாடே மேல்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியேறும் கதவு எங்கே என்று முதல் நாளே கேட்க வேண்டும். கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படி. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் என்ற பெண்மணி உருவாக்கிய மார்க் என்ற பதிவு முறை இன்றும் அந்தக் கதவாக இருக்கிறது. 245 என்றால் தலைப்பு, 100 என்றால் ஆசிரியர் என்று உலகின் பெரும்பகுதியில் ஒரே எண்கள். 1985 முதல் யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சிடிஎஸ்/ஐசிஸ் நம் கல்லூரிகளிலும் புழங்கியது. அந்த மென்பொருளின் காலம் போய்விட்டது. அதில் ஏற்றிய பதிவுகள் போகவில்லை. ஐஎஸ்ஓ 2709 என்ற பொது வடிவில் வெளியே எடுக்கும் வசதி அதில் இருந்ததால் அவற்றைக் கோஹாவுக்குக் கொண்டுவர முடிகிறது. அந்த வடிவத்திலும் தமிழுக்கு ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு புலத்தின் நீளத்தையும் அது பைட் கணக்கில் எழுதிவைக்கும். பைட்டுக்குப் பதில் குறியீட்டை எண்ணுகிற அரைகுறை மென்பொருள் அருப்புக்கோட்டைக்கு 45 என்று போடாமல் 15 என்று போட்டுவிட்டால், அதற்குப் பின்னால் வரும் எல்லாப் புலங்களும் இடம் மாறிவிடும். மாதிரிக்கு ஐம்பது தமிழ்ப் புத்தகங்களை ஏற்றி, வெளியே எடுத்து, இன்னொரு மென்பொருளில் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பொது வடிவம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பழைய எழுத்துருக்கள் காட்டுகின்றன. பாமினியில் அம்மா என்று தட்டியிருந்தால் திரையில் அம்மா தெரியும். கணினியின் நினைவில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத கணினியில் அந்த அம்மா காணாமல் போய்விடுவாள். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் தட்டிய பட்டியல்கள் பழைய கணினிகளில் இன்றும் கிடக்கின்றன. இவற்றை மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டியது என்பது தெரிந்த ஆள் ஓய்வு பெறுவதற்குள் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றிக் காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் மதுரைத் திட்டம், இணைமதி எழுத்துருவில் ஆரம்பித்து, டிஸ்கி என்ற குறியாக்கத்துக்கு வந்து, பிறகு யூனிகோடுக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் நூல்கள் தப்பின. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த ஒரு சமூகம், 2005இல் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி. நூலக மென்பொருளே அல்ல அது. ஆனால் தமிழ் தெரிந்தது, இலவசம், பல நாடுகளில் சிதறியிருப்பவர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஒலியும் படமும் சேர்ந்தபோது அதற்கென்று ஐலாண்டோரா என்ற வேறொரு கட்டற்ற மென்பொருளில் ஆவணகத்தைத் தனியாக அமைத்தார்கள். வேலை முதலில், கருவி அதற்குப் பிறகு என்ற ஒழுங்கை அவர்களிடம் கற்கலாம்.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி மூலம் உரையாக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. கூகுள் பல ஆண்டுகள் வளர்த்த டெசராக்ட் தமிழ் படிக்கும், அதுவும் நம் கணினியிலேயே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களில் அது தடுக்கி விழும். பக்கத்துக்குப் பக்கம் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். ஓர் அறை நூலகம் இதை முதல் வேலையாக எடுக்க வேண்டியதில்லை.

முதல் வேலை வேறு இருக்கிறது. இந்தப் பக்கத்து நூலகங்களின் ஏதாவது ஒரு தட்டில், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிகளின் பொன்விழா மலர்கள், நெசவாளர் சங்கங்களின் ஆண்டறிக்கைகள், உள்ளூர்க்காரர் தன் கைக்காசில் அச்சடித்த கவிதைத் தொகுப்புகள் என்று மெலிந்த புத்தகங்கள் செருகிக் கிடக்கும். அவற்றில் ஐஎஸ்பிஎன் கிடையாது. எண்ணைத் தட்டினால் விவரங்களைத் தானாக இழுத்துவரும் எந்தச் சேவைக்கும் அவற்றைத் தெரியாது. 'பொன்னியின் செல்வ'னுக்கான பதிவை உலகின் எந்தப் பெரிய நூலகத்திலிருந்தும் இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். ரோமன் எழுத்தில் வந்தாலும் தமிழாக்கிக்கொள்ளலாம். ஓர் ஊர்ப் பள்ளியின் பொன்விழா மலருக்கு வேறெங்கும் பதிவு இருக்காது. அதன் தலைப்பையும், தொகுத்தவர் பெயரையும், ஊரையும், ஆண்டையும் யாராவது ஒருவர் கையால் தட்டினால்தான் உண்டு. அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ விரிதாளைத் திறந்து முதல் வரிசையைத் தட்டுகிறவர் அந்தத் தட்டிலிருந்து தொடங்கட்டும். கல்கியின் நாவல்கள் அடுத்த மாதம்வரை காத்திருக்கும்.